பி0299 என்ற குறியீடும் ஒரு ஹோஸ் வெடிப்பும்

என்னிடம் இருப்பதைப் போன்ற 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கீழக்கரை நண்பர் சென்ற வாரம் கேட்டார். மண்டபத்தில் கடலுக்கு மிக அருகில் நிறுத்தி ஆறு ஆண்டுகளாக இதை ஓட்டிவரும் எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்டதும் கடந்த எட்டு மாத அலைச்சல்தான் நினைவுக்கு வந்தது.

உச்சிப்புளியைத் தாண்டி லாரியை முந்துவதற்காக மூன்றாம் கியரில் அழுத்தினால், 3000 சுற்றுகளைக் கடந்ததும் இழுவை சட்டென்று அறுந்து, செக் எஞ்சின் விளக்கு எரியும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுக் கிளப்பினால் எதுவுமே நடக்காதது போல ஓடும். ஸ்கேனரில் வந்த குறியீடு பி0299. எஞ்சின் கணினி கேட்ட அழுத்தத்தை, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ எட்டவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஏன் எட்டவில்லை என்பதை அது சொல்வதே இல்லை. நான் போன பணிமனையோ அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக், காயில், அழுத்த சென்சார் என்று வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் டர்போவையே மாற்ற வேண்டும் என்றது.

கண்டுபிடித்தவர் மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். “அண்ணே, நிக்கும்போது வருதா, இழுக்கும்போது வருதா?” என்ற ஒரே கேள்வியோடு தொடங்கியவர், டர்போவின் காற்று நுழைவாயை மூடி, கம்ப்ரசரிலிருந்து அளவாகக் காற்றைச் செலுத்தி, பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போலச் சோப்பு நீரைத் தெளித்தார். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலுக்குப் போகும் ஹோஸில், கிளாம்புக்கு அடியில், நுரை பொங்கியது. எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியால் ரப்பர் ஊறித் தளர்ந்திருந்தது. உப்புக் காற்றில் கிளாம்பும் துருவேறிப் பிடிப்பை இழந்திருந்தது. ஐட்லிங்கில் அந்தக் குழாயில் அழுத்தமே இருக்காது என்பதால் வெடிப்பின் உதடுகள் மூடிக்கொள்ளும். எஞ்சின் மீது பாரம் ஏறினால்தான் திறக்கும். சென்சார் அளந்து கணக்கில் சேர்த்த காற்று வழியிலேயே கசிந்துபோக, பெட்ரோல் மட்டும் முழு அளவில் பாய்ந்ததால்தான் இத்தனை மாதமும் புகைக்குழாய் கரி பிடித்துக் கிடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

நிற்கும் வண்டியில் பிழை தெரியாது என்பதைப் பணிமனைக்குச் சாதகமாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனரை மாட்டியபடியே ஒருமுறை சாலையில் ஓட்டி, கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இடைவெளி எந்தப் பாரத்தில் விழுகிறது என்று தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் டர்போவுக்கு விலை சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹோஸும் கிளாம்பும் மாற்றிய மறுநாள் விடியற்காலையில் அரிச்சல்முனை வரை ஓட்டினேன். இரு புறமும் கடல் விரிந்த அந்தச் சாலையில், இரண்டாம் கியரில் எழுந்த இழுவை ஒரு சிறு தயக்கமும் இல்லாமல் மூன்றாம் கியருக்கும் தொடர்ந்தபோது, இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு மீண்டும் மரியாதை வந்தது.

இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கரையில், டர்போவின் அழுத்தம் மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் வால்வின் தண்டு முதல் எர்த் கம்பியின் முனை வரை எல்லாமே துருவுக்கு இரையாகின்றன. அந்தத் தண்டு திறந்த நிலையில் இறுகிப்போனாலும் இதே பி0299தான் வரும், மூடிய நிலையில் இறுகினால் அழுத்தம் அளவுக்கு மீறும். பிடிவாதமாக வாங்குவதென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தண்டு தடையின்றி அசைகிறதா என்று பார்க்கட்டும், சோப்பு நீர்ச் சோதனைக்கு விற்பவரைச் சம்மதிக்க வைக்கட்டும்.