மின்தூக்கி அருகே ஒரு கண்ணாடிப் பெட்டி: எங்கள் புளோக் அறிவிப்புப் பலகை

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிக் கட்டடங்களில், கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடத்தில், பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பது வழக்கம். எங்கள் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவன் என்ற உரிமையில் எங்கள் புளோக்கின் பலகையை மதிப்பிடுகிறேன்.

தகவல் தருவதில் குறை சொல்ல அதிகமில்லை. மின்தூக்கி பழுதுபார்க்கப்படும் நாளும், தண்ணீர்த் தொட்டி கழுவப்படும் நாளும், நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் நேரமும் முன்கூட்டியே ஒட்டப்படுகின்றன. டெங்கி எச்சரிக்கையின் வண்ணமுறை எனக்கு மிகவும் பிடித்தது. வட்டாரத்தில் 10 பேருக்கும் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தால் மஞ்சள், 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு என்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் பார்த்தே பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுகிறார்.

நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் இடமுண்டு என்றாலும், தமிழ் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. ஒருமுறை எழுத்துருக் கோளாறால் கொம்பு ஓரிடத்திலும் அது சேரவேண்டிய எழுத்து வேறோரிடத்திலுமாகக் கிடந்தன. தொலைபேசியில் தெரிவித்தேன், திருத்திய தாள் வந்தபோது அந்த நிகழ்ச்சியே முடிந்துவிட்டிருந்தது.

என் பெரிய மனக்குறை வேறு. 1986இல் ஆங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் சட்டமான நகர மன்ற ஏற்பாட்டின் நோக்கமே, குடியிருப்புப் பேட்டையின் நிர்வாகத்தில் அங்கு வசிப்பவர்களுக்கும் பங்கு தருவதுதான். இந்தப் பெட்டியின் சாவியோ எங்களிடம் இல்லை. காணாமற்போன பூனையைத் தேடிச் சிறுமி ஒருத்தி சுவரில் ஒட்டிய தாள் மறுநாள் காலைக்குள் கிழிக்கப்பட்டிருந்தது. இங்கு யார் வாழ்கிறார்கள் என்பதைப் பலகையைவிடக் கீழ்த்தளத் தூண்கள்தான் நன்றாகச் சொல்கின்றன. சீனக் குடும்பத்தின் துக்க நிகழ்வுக்கு வழிகாட்டும் அம்புக்குறித் தாளும், மலாய்க் கல்யாணத்துக்கு வருவோருக்கு அடையாளமாகப் பளபளக்கும் தாள்களால் செய்த புங்கா மங்கார் என்னும் அலங்காரமும் ஒரே வாரத்தில் ஒரே தூண் வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்டதில்லை.

கண்ணாடியின் ஒரு பாதியை மட்டுமாவது பூட்டாமல் விட்டால், பூனைத் தாளுக்கும் டியூஷன் அறிவிப்புக்கும் போதும். அதுவரை ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அதில் இரண்டு டெங்கியின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும்.