போக, சொல்ல, செல்ல: லினக்ஸ் மின்டோடு மூன்று வருடம்

போன சனிக்கிழமை ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் வராதாம். என் லேப்டாப்ல 11 ஏறாதாம். புதுசு பத்தாயிரம் ரேண்டுக்கு மேல சொல்றாங்க. நீங்கதான் லினக்ஸ்ல இருக்கீங்களே, எப்படி?" லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் இலவச இயங்குதளம், நான் வைத்திருக்கும் மின்ட் அதில் ஒரு வகை. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்ற 2025 அக்டோபர் 14க்குப் பிறகு இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் அவன். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில் என் மானம் போயிருந்தது.

அன்றைய பாடம், 'செய' என்னும் எச்சம். போக, சொல்ல, செல்ல, வெல்ல, துள்ள என்று ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்லாக அட்டவணை போட்டிருந்தேன். முந்தின இரவு தூக்கக் கலக்கத்தில் அடித்து, சரிபார்க்காமல் பிரிண்ட் எடுத்துப் போய்விட்டேன். தாளில் இருந்தது: போ, சொல், செல், வெல், துள். முன்வரிசைப் பாட்டியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு ஆங்கிலமும் தமிழும் கலந்து, "என்ன சார், பேப்பர் பூரா எங்களை விரட்டுது?" என்றார். பிள்ளைகள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

நடந்தது இதுதான். நான் தட்டுவது தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில். 'க' அடித்தால், அடுத்து உயிர் ஏதும் வருமா என்று உள்ளீட்டு மென்பொருள் காத்திருக்கும். அதுவரை எழுத்து அடிக்கோட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து டச்பேடைத் தொட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் தொங்கின எழுத்து காணாமல் போகும். சில நாள் போன இடத்துக்கே கூட வந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். அகரத்தில் முடிகிற சொல்லுக்குத்தான் இந்த ஆபத்து. 'செய' எச்சமோ அத்தனையும் அகரத்தில்தான் முடியும். நகர்வதற்கு முன் ஸ்பேஸோ டேபோ ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் ஆகாது. மூன்று வருடமாக எனக்கு இது தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு முன்பே இன்னொரு கூத்து. கீபோர்டு அமைப்பில் தமிழ்99 இரண்டு இடத்தில் இருக்கிறது. லேஅவுட் பட்டியலில் கண்ணில் படுவதைச் சேர்த்தால், க இரண்டு முறை அடித்ததற்கு 'கக' என்றே வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் எஃப் விசையைத் தேடிப் போக வேண்டும். தானாகப் புள்ளி வைத்து 'க்க' என்று தருவது, ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளுக்குள் எம்17என் என்ற கூடுதல் பொதியோடு வருவது. தமிழ்99இன் அழகே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். முதல் இரண்டு வாரம் தவறானதை வைத்துக்கொண்டு தமிழ்99ஐயே திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, திட்டியது போதும். ஆரம்பத்தில் நான் போட்டது உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ். ஊர்ப்பாசம்தான். அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் நம் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் என்ற ஊரில் பிறந்தவர், பெயரும் நம் ஊர் மொழிகளிலிருந்து வந்தது. என் 2015ஆம் வருடத்து லேப்டாப்பின் பழைய ஹார்டு டிஸ்க்கில் அது மூச்சு வாங்கியது. 500 ரேண்டுக்கு அதைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். அந்தச் சூட்டோடு மின்ட் 21க்கு மாறினேன். 2022 ஆகஸ்ட் அது. பிறகு 22க்கு ஏறியது ஒரு மதிய வேலை. அப்டேட்டுக்கு 2029 வரை கவலையில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம், முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்தும் லோட்ஷெடிங்கில் வந்தது. 2022, 2023இல் ஸ்டேஜ் 6 என்று நாளுக்கு இரண்டு மூன்று முறை கரண்ட் போன காலம். என் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கினால் அதிகம். ஆறு மணிக்குப் போகப் போகிறது என்று போனில் எச்சரிக்கை வந்தால் 5:58 வரை அடித்துவிட்டு மூடுவேன், பத்து நொடியில் அணைந்துவிடும். அப்டேட் நடக்கிறது, அணைக்காதே என்று ஒருநாளும் வழிமறித்ததில்லை. எப்போது அப்டேட் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். ஒரே ஒரு தடவை, அவசர புத்தியில், பேட்டரி பாதி இருக்கும்போது பெரிய அப்டேட்டைத் தொடங்கி நடுவில் செத்துப் போனது. மறுபடி டெஸ்க்டாப்பே வரவில்லை. மின்ட் இருந்த பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டில் முந்தைய நாள் நிலையை மீட்டேன். டீ ஆறுவதற்குள் திரும்பிவிட்டது. வகுப்புத் தாள் ஒன்றுகூடத் தொலையவில்லை. பிரிண்டரும் செருகியவுடன் வேலை செய்தது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பியிடம் வேண்டாம் என்றேன். கடைக் கணக்கெல்லாம் அவன் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளில் வைத்திருக்கிறான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைனைப் போட்டு அதை ஓட்டலாமா என்று மாதக் கடைசியில் அவன் என்னைக் கூப்பிடுவான், எனக்கு அது வேண்டாம். உண்மையைச் சொன்னால் காலையில் பட்ட எரிச்சலும் அந்தப் பதிலில் கொஞ்சம் இருந்தது.

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றான். பதில் சொல்லாமல், வீட்டில் வேறு பழைய லேப்டாப் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். மகளுடையது ஒன்று இருக்கிறதாம். டிசம்பரில் டர்பன் வரும்போது கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். டச்பேட் வேலை செய்யாதாம். நல்லதாகப் போயிற்று.