கிளாசிக் காரின் வாஷர் பம்ப்: பிரித்துப் பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

பட்டனை அழுத்துகிறீர்கள், முன்கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. "பம்ப் போயிடுச்சு, புதுசு வாங்கிப் போட்டுடலாம்" என்றுதான் உடனே தோன்றும். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். புது பம்ப் மாட்டிய பிறகும் சத்தமே இல்லை. தேடிப் பார்த்தால், கரன்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரைப் பாடியில் முடுக்கியிருந்த இடத்தில் பெயின்டுக்கு அடியில் துரு. கழற்றிப் போட்ட பழைய பம்ப்பை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். விர்ரென்று சுற்றியது. அதனால் எந்த பம்ப் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், கெட்டது பம்ப்தானா என்று பார்த்துவிடுவோம்.

இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் காதை வையுங்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம், கேட்காவிட்டால் மின்சாரப் பக்கம். மோட்டார் இறுகிப் போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும்: "டக்" என்று ஒரு சின்ன ஒலி வந்து ஃப்யூஸ் போகலாம்.

தண்ணீர்ப் பக்கத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பம்ப்பிலிருந்து வெளியே போகும் ஹோஸைப் பிடுங்கிவிட்டு பட்டனை அழுத்துங்கள். தண்ணீர் பாய்ந்தால் அடைப்பு அதற்கு அப்பால், ஹோஸிலோ ஒருவழி வால்விலோ கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டிலோ இருக்கிறது. பாயாவிட்டால் டேங்க் அடியில் இருக்கும் வலையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஜெட்டின் உப்புப் படிவத்துக்கு வினிகரில் ஊறவைப்பதே நல்லது. ஊசியைத் திணித்தால் பழைய பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகி, பீய்ச்சவேண்டிய தண்ணீர் வழியத் தொடங்கும்.

மல்டிமீட்டரா, டெஸ்ட் லேம்ப்பா?

மின்சாரப் பக்கம்தான் ஆளை ஏமாற்றும். பம்ப் கனெக்டரைக் கழற்றி, பட்டனை அழுத்தியபடி டிஜிட்டல் மீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். "கரன்ட் வருது, அப்போ பம்ப்தான் காலி" என்று முடிவு கட்டிவிடுவோம். மீட்டர் அநேகமாகக் கரன்ட்டே இழுக்காது என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். சுவிட்ச்சின் உள்ளே கறுத்துப்போன தொடுமுனையில் 10 ஓம் தடை இருந்தாலும் மீட்டருக்கு அது தெரியாது. பம்ப்புக்குச் சில ஆம்ப் வேண்டும், அந்தத் தடையைத் தாண்டி அவ்வளவு வராது.

அதே இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இரண்டு ஒயரில் கட்டி வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டில் அது சுமார் 1.75 ஆம்ப் இழுக்கும், கிட்டத்தட்ட ஒரு சின்ன பம்ப் அளவுக்கு. பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மங்கலாக எரிந்தால் சுவிட்ச், கனெக்டர், எர்த் மூன்றில் ஒன்றில் தடை. எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் உள்ள புது வண்டிகளில் இப்படிக் கண்டபடி பல்பைத் தொடக் கூடாது. பழைய கார்களில் அந்தப் பயம் இல்லை. இந்த வேலைக்கு என் ஓட்டு பல்புக்குத்தான்.

மீட்டருக்கும் வேலை உண்டு. பம்ப்பை மாட்டியபடியே பட்டனை அழுத்தி, பேட்டரி பிளஸ் முனைக்கும் பம்ப்பின் பிளஸ் முனைக்கும் நடுவே அளந்தால் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று தெரியும். எர்த் பக்கத்தையும் அதேபோல அளக்கவேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. கோளாறு உண்டா இல்லையா என்று பல்ப் சொல்லும், அது எந்தப் பக்கம் என்று மீட்டர் சொல்லும்.

ஒயர் நிறத்தில் ஒரு குறிப்பு. லூகாஸ் மின்கருவிகள் பொருத்திய பிரிட்டிஷ் கார்களில் சுவிட்ச்சிலிருந்து வாஷர் மோட்டாருக்குப் போவது பொதுவாகக் கருப்புக் கோடு போட்ட இளம்பச்சை ஒயர். சில அமெரிக்க கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பம்ப்பில் எப்போதும் கரன்ட் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பட்டன் அங்கே எர்த்தை இணைக்கிறது.

பம்ப்தான் கெட்டது என்று உறுதியானால்

மூன்று வழிகள் உண்டு: பழையதைப் பிரித்துச் சரிசெய்வது, அதே அச்சில் செய்த மறுதயாரிப்பு, இன்றைய பொதுவான 12 வோல்ட் பம்ப்.

உங்கள் பம்ப் ஸ்க்ரூ போட்டு மூடியதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிரியுங்கள். உள்ளே சாதாரண பிரஷ் மோட்டார்தான். கம்யூட்டேட்டரில், அதாவது பிரஷ் உரசும் செப்பு வளையத்தில், படிந்த கருமையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் இருக்கும் கார்பன் தூளைக் குச்சியால் எடுத்துவிட்டால் பல பம்ப்புகள் உயிர்பெறும். தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரமான இம்பெல்லர் காய்ந்த சோப்பில் ஒட்டியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். உண்மையான சிக்கல் தண்டைச் சுற்றியிருக்கும் சீல். அது தேய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் ஏறும், நீங்கள் சுத்தம் செய்ததெல்லாம் சில மாதத்தில் மறுபடி துருவாகும். அந்த சீலுக்குப் பதிலாகச் சரியான அளவில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிடைத்தால் மட்டுமே இந்த வழி முழுமையானது. ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பம்ப்பைக் கத்தியால் கீறித் திறந்து பசை போட்டு மூடுவது பொழுதுபோக்கு, பழுதுபார்ப்பு என்று அதைச் சொல்லமாட்டேன்.

மறுதயாரிப்பு பம்ப்பின் பலம் தோற்றம். பழைய பிராக்கெட்டில் அப்படியே உட்காரும். தரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். மாட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள், பழையதைத் தூக்கியும் போட்டுவிடாதீர்கள்.

பொதுவான பம்ப் மலிவு, அதிலும் நல்ல வேகம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை டேங்க்கின் பக்கச் சுவரில் ரப்பர் வளையத்தோடு செருகுவதற்காகச் செய்யப்பட்டவை. அதற்காகப் பழைய டேங்க்கில் துளை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பம்ப்பை நாளை மாற்றலாம், டேங்க்கில் போட்ட துளையை யார் அடைப்பது? ஹோஸுக்கு நடுவில் மாட்டும் வகையை வாங்கி, டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே ஒளித்துவைக்கலாம். கீழேதான் வைக்கவேண்டும், ஏனென்றால் இம்பெல்லர் பம்ப் தானாகத் தண்ணீரை மேலே இழுக்காது, அதன் வாயில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கவேண்டும். இன்னொரு விஷயம், புதிய பம்ப்பின் அழுத்தத்தில் இறுகிப்போன பழைய ஹோஸ் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். ஹோஸையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

வாங்குமுன் காரின் மின்னமைப்பைப் பாருங்கள். 6 வோல்ட் காரில் 12 வோல்ட் பம்ப் சோம்பலாகச் சுற்றும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அங்கே முனைகளை மாற்றி மாட்டினால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும், தண்ணீர் வந்தாலும் பலவீனமாகத்தான் வரும்.

சில கார்களில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 1960களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் தண்ணீரைத் தள்ளுவது ஸ்டெப்னி டயரின் காற்று. அங்கே முதலில் சோதிக்கவேண்டியது ஸ்டெப்னியின் காற்றழுத்தம், அதன்பிறகு ஹோஸும் வால்வும். அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் பம்ப் வைப்பர் மோட்டாரோடு ஒட்டியே இருக்கும், அந்த மோட்டாரின் சுழற்சிதான் அதை இயக்கும். டாஷ்போர்டில் கையால் அமுக்கும் பம்ப்புகளும் உண்டு. அவற்றில் கிழியும் ரப்பரும் ஒட்டிக்கொள்ளும் சின்ன வால்வும் தவிர கெட்டுப்போக ஒன்றுமில்லை. எலக்ட்ரிக் பம்ப்புக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களிடம், புது ஒயர் இழுத்து, புது சுவிட்ச்சுக்குத் துளை போட்டு, புதுக் கோளாறுகளை வாங்கிக்கொள்வானேன் என்றுதான் சொல்வேன்.

திறக்க முடிந்தால் பழையதைச் சரிசெய்வேன். திறக்க முடியாமல், கார் கண்காட்சிக்குப் போவதாக இருந்தால் மறுதயாரிப்பு. தினமும் மழையில் ஓடும் கார் என்றால், துளை போடாமல் ஒளித்துவைத்த பொதுவான பம்ப்.

எதை மாட்டினாலும் முதல் நிரப்புதல் வெறும் தண்ணீராக இருக்கட்டும், எங்காவது கசிந்தால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். பாத்திரம் கழுவும் சோப் நுரைத்து ஜெட்டை அடைக்கும், ரேடியேட்டர் கூலன்ட் கண்ணாடியில் எண்ணெய்போல் படியும். தண்ணீர் ஜெட்டுக்கு வந்து சேரும்வரை பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள், வறட்டு ஓட்டத்தில் சூடாகி முதலில் போவது சீல்தான்.