கல்வெட்டுப் பேச்சுக்கு முகநூலா, மடற்குழுமமா?

குமரி மாவட்ட வரலாற்றில் ஆர்வமுள்ள எங்கள் நண்பர் வட்டம், தன் உரையாடலை முகநூலிலிருந்து பழைய பாணியிலான கூகுள் குழுமத்துக்கு, அதாவது மின்னஞ்சல் வழியே பேசும் மடற்குழுமத்துக்கு, மாற்றிக்கொண்டுள்ளது. மாற்றச் சொன்னவர்களுள் நானும் ஒருவன் என்பதால், இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முகநூலில் ஆள் சேர்ப்பதும் படம் ஏற்றுவதும் எளிது. வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரரும் வந்துவிடுவார். வாட்ஸ்அப் அதைவிட எளிது, காலை வணக்கப் படங்களைப் பொறுத்துக்கொண்டால்.

ஆனால் ஒருமுறை சொல்லப்பட்ட பதிலைப் பின்னொரு நாள் தேடி எடுக்க முடியுமா என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்துச் சிதறால் மலையில் உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் படம்பிடித்து முகநூலில் இட்டால் ‘அருமை’, ‘சூப்பர்’ என்று பின்னூட்டங்கள் குவியும். நடுவே ஒருவர், அங்குள்ள வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துவகை) கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தது என்றும், சமணர் தலம் பிற்காலத்தில் பகவதி கோயிலானது என்றும் பொறுமையாக எழுதியிருப்பார். சில நாட்களில் அந்தப் பதிவு கீழே போய்விடும். வேறொருவர் அதே சிற்பத்தை மீண்டும் ஏற்ற, ‘இது எந்தக் காலம்?’ என்று கேள்வி முதலிலிருந்து தொடங்கும். விவரம் தெரிந்தவர் எத்தனை முறைதான் எழுதுவார்? அவரும் ஒரு விருப்பக்குறி இட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். சமூக ஊடகத்தின் மேலோட்டத்துக்கு ஆட்களின் குணத்தைவிட இந்த அலுப்பே பெரிய காரணம் என்று எண்ணுகிறேன்.

குழுமத்தில் ஒவ்வொரு பேச்சும் தலைப்போடு தனி இழையாக நிற்கிறது. மாதங்கள் கழித்து வாசிப்பவரும் அதே இழையில் மறுப்பு எழுதலாம். அது உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிக்கே வந்து சேரும். தம் சொல் நாளை எடுத்துக்காட்டப்படும் என்று அறிந்தவர், கல்வெட்டுகளைப் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறார்.

பழைய இடங்கள் அழியாதவை என்று சொல்ல வரவில்லை. ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இலும் யாஹூ குழுமங்கள் 2020இலும் மூடப்பட்டன. எனினும் மடற்குழுமம் மூடப்பட்டாலும், மடல்களைப் பெற்று அழிக்காமல் வைத்திருந்தவரிடம் அவற்றின் படி இருக்கும்.

கல்லூரி மாணவர்கள் அஞ்சலைத் திறப்பதில்லை என்பது எங்களுக்கு உண்மையான இழப்பு. அவர்கள் புழங்கும் ரெடிட் என்ற விவாதத் தளத்திலும் இழைகள் உண்டு. அங்கு நான் வாசகன் மட்டுமே, ஆகவே தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. இப்போதைக்குப் படங்களை முகநூலில் இடுகிறோம். விளக்கம் கேட்பவருக்குக் குழும இழையின் இணைப்பைத் தருகிறோம்.