பவர் உள்ளவங்களுக்கு சைக்கிளிங் கிளாஸ்: நேரா லென்ஸ்ல பவர் போடலாமா, இன்செர்ட்டா, காண்டாக்ட் லென்ஸா?

கண்ணு நல்லா தெரியுறவங்க சைக்கிளிங்குக்கு கூலிங் கிளாஸ் வாங்குறதும் நம்மள மாதிரி பவர் இருக்குறவங்க வாங்குறதும் ஒண்ணு இல்லங்க. வெளிச்சம் கொறஞ்சா அவங்க கழட்டி ஹெல்மெட்ல சொருகிட்டு போயிட்டே இருப்பாங்க, நாம கழட்டுனா ரோடே தெரியாது. எனக்கு ரெண்டு கண்ணும் மைனஸ் 4.25, கூடவே 1.25 சிலிண்டர் (கருவிழி வளைவு எல்லா பக்கமும் ஒண்ணா இல்லாததுக்கு போடுற பவர்). ஞாயித்துக்கிழமை காலைல 4:30க்கு திருவான்மியூர்ல கிளம்பி ஈசிஆர்ல மகாபலிபுரம் போயிட்டு வருவேன், கிளம்பும்போது கும்மிருட்டு, முட்டுக்காடு பாலம் தாண்டிப் போகப் போக இடது பக்கம் கடல்லேருந்து சூரியன் அப்படியே கண்ணுக்குள்ள அடிக்கும், திரும்பி வரும்போது சுள்ளுனு வெயில். இது மூணுக்கும் ஒரே கிளாஸ் தாங்கணும், அதனால நான் எதப் பத்தி யோசிச்சாலும் முதல்ல கேக்குற கேள்வி இருட்டுல இது என்ன ஆகும்னுதான்.

வீட்டுல போடுற கண்ணாடியவே போட்டு ஓட்டுறவங்க நெறைய பேரு. மெதுவா கடைக்கு போக வர அது போதும். ஆனா ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்குற ரோடு பைக்ல ஹேண்டில்பார் கீழ்ப்பக்கம் புடிச்சு குனிஞ்சீங்கன்னா, கண்ணு லென்ஸோட மேல் ஓரம் வழியாத்தான் ரோட்ட பாக்கும், பிரேமோட மேல் விளிம்பு சரியா அங்க குறுக்க வரும். வேர்வைல கண்ணாடி மூக்குலேருந்து இறங்குச்சுன்னா அதுக்கு மேல வெறும் மங்கல்தான். சைடுலேருந்து காத்தும் தூசியும் பூச்சியும் வேற.

அடுத்தது, வளைஞ்ச ஸ்போர்ட்ஸ் பிரேம்ல நேராவே பவர் லென்ஸ் போடுறது. பாக்க அழகு, ஒரே லென்ஸ்தான், தொடைக்க சுலபம், காத்து உள்ள வராது. ஆனா பெரிய சிக்கல் இதுலதான் இருக்கு. சாதாரண கண்ணாடி லென்ஸோட வளைவ கடைக்காரங்க பேஸ் 4, பேஸ் 6னு சொல்லுவாங்க, முகத்த சுத்தி வர்ற பிரேம் பெரும்பாலும் பேஸ் 8. அவ்வளவு வளைவுல மைனஸ் பவர் ஏற ஏற ஓரம் தடிச்சுக்கிட்டே போகும், அதனால ஒரு அளவுக்கு மேல பல கம்பெனிங்க செய்ய மாட்டேன்னுடுவாங்க. இன்னொன்னு, லென்ஸ் கண்ணுக்கு நேரா இல்லாம சாஞ்சு நிக்குறதால, டாக்டர் சீட்டுல எழுதுன அதே நம்பர அப்படியே போட்டா கண்ணுக்கு வர்ற பவர் மாறிடும், கூடுதல் மைனஸும் சீட்டுல இல்லாத சிலிண்டரும் சேந்துக்கும். எனக்கு இது நடந்துச்சு. ஒரு கடையில சீட்டுல இருந்த நம்பர அப்படியே பேஸ் 8 லென்ஸ்ல போட்டுக் குடுத்துட்டாங்க. கடைக்குள்ள நின்னு பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாள் ரோட்டுல இறங்குனா ஸ்பீட் பிரேக்கர் இருக்குற தூரமே பிடிபடல, ரெண்டு ஓரமும் உள்பக்கமா வளைஞ்சு வர்ற மாதிரி இருந்துச்சு, 10 கிலோமீட்டர்ல தலை சுத்தி இறங்கி உக்காந்துட்டேன். பழகிடும்னு சொன்னாங்க, பழகவே இல்ல. பிரேமோட வளைவு, சாய்வு, கண்ணுலேருந்து லென்ஸ் எவ்வளவு தூரம்னு எல்லாம் அளந்து அதுக்கு ஈடு கட்டி பவர் கணக்கு போடணும், அப்படி போட்டா லென்ஸ் கவர்ல எழுதியிருக்குற நம்பர் உங்க டாக்டர் சீட்டுலேருந்து கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கும். அத பாத்து பயப்படாதீங்க. அச்சு அசலா அதே நம்பர் இருந்தாதான் கேள்வி கேக்கணும்.

இன்செர்ட்டுனா வெளிய பவர் இல்லாத சாதா லென்ஸ் (ஷீல்டு), உள்ள மூக்குகிட்ட ஒரு குட்டி பிரேம்ல உங்க பவர் லென்ஸ் கிளிப் ஆகி நிக்கும். ரூடி புராஜெக்ட் மாதிரி கம்பெனிங்க இத ரொம்ப காலமா பண்றாங்க. உள்ள இருக்குற லென்ஸ் அவ்வளவா வளையாது, அதனால அதிக பவருக்கும் ஒத்து வரும், பவர் மாறுனா அந்த குட்டி லென்ஸ மட்டும் மாத்துனா போதும். இருட்டுக்கு கிளியர் ஷீல்டு, வெயிலுக்கு கருப்பு ஷீல்டு, பவர் ரெண்டுக்கும் ஒண்ணுதான், கழட்ட முடியாத நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம். ஆனா நம்ம ஊரு புழுக்கத்துல ஒரு கொடுமை இருக்கு. சிக்னல்ல நின்ன உடனே ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல ஆவி படியும், ஓட ஆரம்பிச்சாதான் போகும். புருவத்துலேருந்து ஒரு சொட்டு வேர்வை இன்செர்ட்டோட உள்பக்கம் விழுந்துச்சுன்னா ஓட்டிக்கிட்டே தொடைக்கவே முடியாது, காஞ்சு உப்பு வட்டமா ஒட்டிக்கும், அந்த வட்டம் வழியாத்தான் அடுத்த டீக்கடை வரைக்கும் ரோட்ட பாக்கணும். இமை நீளமா இருந்தா லென்ஸ்ல தட்டும். லென்ஸ் சின்னதுங்கறதால குனிஞ்சா அதோட மேல் விளிம்பும் தெரியும்.

காண்டாக்ட் லென்ஸ் ஒத்துக்குற கண்ணா இருந்தா வேற யோசனையே வேணாம். பார்வை முழுசா கிடைக்கும், எந்த கிளாஸ் வேணும்னாலும் வாங்கலாம். தினமும் தூக்கிப் போடுற டெய்லி லென்ஸ் நல்லது, ஒரு ஜோடி எக்ஸ்ட்ராவா ஜெர்சி பாக்கெட்ல இருக்கட்டும். தூசி விழுந்துச்சுன்னு தண்ணி பாட்டில்ல லென்ஸ கழுவாதீங்க, அதுல வர்ற கிருமி கருவிழியவே கெடுத்துடும். எனக்கு 2 மணி நேரத்துல கண்ணு காஞ்சு மணல் போட்ட மாதிரி ஆயிடுது, அதான் விட்டுட்டேன்.

கலர் விஷயத்துக்கு வருவோம். வெயில் கிளாஸ்ல கேட்டகரி 3னு இருந்தா 8லேருந்து 18 சதவீத வெளிச்சம்தான் உள்ள வரும். நட்ட நடு வெயிலுக்கு அருமை, ஆனா புளியமர நிழல்ல திடீர்னு நுழைஞ்சா குழி தெரியாது, பொழுது சாஞ்சுட்டா ஆபத்து. நேரா பவர் போடுறவங்களுக்கு அதனால போட்டோக்ரோமிக்தான் என் ஓட்டு. இருட்டுல கிளியரா இருந்து வெயில்ல தானா கருக்கும். சூடு அதிகமானா அவ்வளவா கருக்காது, மே மாச மத்தியானத்துல இந்த கொற தெரியும், ஆனா நான் அந்த நேரத்துல ஓட்டுறதில்ல. பளபளப்ப வடிகட்டுற போலரைஸ்டு லென்ஸ் கடல் ஓரத்துல கண்ணுக்கு ரொம்ப இதமா இருக்கும், ஆனா சைக்கிள் கம்ப்யூட்டரோட ஸ்கிரீன் சில கோணத்துல கருத்துப் போகும், ஈர ரோட்டோட பளபளப்பையும் மறைச்சுடும், அந்த பளபளப்ப வச்சுத்தானே வழுக்குற இடத்த கண்டுபிடிக்கிறோம். எனக்கு வேணாம்.

லென்ஸ் பாலிகார்பனேட்டா இருக்கணும், இல்லன்னா டிரைவெக்ஸ், ரெண்டும் லேசுல உடையாத பிளாஸ்டிக், இது ரெண்ட தவிர வேறெதுக்கும் ஒத்துக்காதீங்க, விழுந்தா கண்ணுகிட்ட சில்லு சில்லா உடையக் கூடாது. பவர் அதிகம்னா பாலிகார்பனேட்ல ஓரத்துல கலர் பிரிஞ்சு தெரியும், டிரைவெக்ஸ்ல அது கம்மி.

மைனஸ் 3க்குள்ள இருக்குறவங்க நல்ல கணக்கு போடத் தெரிஞ்ச கடையில நேரா பவர் போட்டுக்கோங்க. 5, 6னு இருந்தா இன்செர்ட். நடுவுல மாட்டிக்கிட்ட என்ன மாதிரி ஆளுங்க பேஸ் 6 பிரேம் தேடுங்க, வளைவு கொஞ்சம் கம்மி, சைடுல லேசா காத்து வரும், ஆனா ரோடு ரோடாத் தெரியும். நான் இப்ப போடுறது அதுதான், டிரைவெக்ஸ் போட்டோக்ரோமிக். கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துட்டு போனேன், ஒரு ஸ்டூல்ல உக்காந்து சைக்கிள்ல குனியுற மாதிரியே குனிஞ்சு நிமிந்து பாத்தேன், கடையில இருந்த தம்பியும் பொறுமையா அப்படியே வச்சு கருவிழி வர்ற இடத்துல பிரேமோட வர்ற பவர் இல்லாத டெமோ லென்ஸ் மேல மார்க்கர்ல புள்ளி வச்சாரு. சாதாரணமா வைக்கிற இடத்துக்கு 3 மில்லிமீட்டர் மேல வந்துச்சு அந்த புள்ளி.