கதவு திறக்கும், வண்டி கிளம்பாது: எங்கள் ஸ்பேர் சாவியின் கதை

2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 2019-ல் பழைய வண்டியாக வாங்கினேன். விற்றவர் இரண்டு சாவி கொடுத்தார். இரண்டாவது சாவியின் ரிமோட்டை அமுக்கினேன், கதவு திறந்தது. நான் செய்த சோதனை அவ்வளவுதான். பீரோவில் வைத்துப் பூட்டியபிறகு இரண்டு வருடம் அதைத் தொடவே இல்லை.

2021-ல் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்த மாமனார் வண்டியை எடுத்துக் கடைக்குப் போய்வந்தார். சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்விட்டார். காலையில் போன் செய்து மிகவும் வருத்தப்பட்டார். "ஸ்பேர் இருக்கு மாமா, கவலைப்படாதீங்க" என்றேன். அன்று ஒன்பது மணிக்கு அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிந்தைய சோதனைக்கு அழைத்துப் போகவேண்டும். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாக அடித்தது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஏழெட்டு முறை முயன்றும் அதே கதைதான். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா இறங்கி ஆட்டோ ஏறியது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததெல்லாம் தப்பான இடத்தில் தேடியதுதான். முதலில் ரிமோட் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிய சி.ஆர். 2032 வாங்கிப் போட்டேன். பயனில்லை. அப்புறம் கார் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். செல்ஃப் அவ்வளவு வேகமாக அடிக்கும்போது பேட்டரியில் குறை இருக்க வழியில்லை, அப்போது அது தோன்றவில்லை. பக்கத்து மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம் என்று கழற்றிப் பார்த்து 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

விஷயத்தைச் சொன்னவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடும் பெரியவர். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, மீட்டர் போர்டுல சாவிப் படம் போட்ட லைட்டு மினுங்குதா?" வீட்டுக்கு வந்து பார்த்தேன். மினுங்கியது. இரண்டு நாளும் என் கண்ணெதிரேயே மினுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதுதான் இம்மொபிலைசர் விளக்கு. வண்டிக்குத் தெரியாத சாவியால் இன்ஜின் ஓடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். இப்படிப்பட்ட சாவிக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பூட்டைத் திருப்புகிற இரும்பு அலகு ஒன்று. கதவைத் திறக்கிற ரிமோட் இன்னொன்று. எங்களுடையது 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, பேட்டரி இல்லாமல் ஓடாது. மூன்றாவது, பிளாஸ்டிக் தலைக்குள் ஒளிந்திருக்கும் சிறிய சிப். இதற்குப் பேட்டரி தேவையே இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் அது அனுப்பும் அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். அந்த அடையாளம் வண்டியின் நினைவில் இருந்தால்தான் இன்ஜின் ஓடும். இல்லாவிட்டால் எங்கள் வண்டியைப் போலச் சில வண்டிகளில் செல்ஃப் அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. சிலவற்றில் பிடித்து இரண்டு நொடியில் நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் செல்ஃபே அடிக்காது.

மூன்றாம் நாள் ஒரிஜினல் சாவி பார்சலில் வந்ததும் பெரியவர் சொல்லிக்கொடுத்த சோதனையைச் செய்தேன். ஸ்பேர் சாவியைத் துவாரத்தில் போட்டு, ஒரிஜினல் சாவியின் தலையை அதன் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். முதல் அடியிலேயே இன்ஜின் பிடித்தது. இன்றுவரை எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான். ஒரு பைசா செலவில்லை. அலகு சரி, வண்டியும் சரி, குறை சிப்பில்தான் என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். ஸ்பேருக்குள் வேறு சிப் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும் என்பதையும் அவரே சொன்னார். எனவே இதில் கிளம்பாவிட்டால் உடனே வேறு முடிவுக்குப் போய்விடக் கூடாது.

மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஸ்பேரின் உறையைப் பிரித்தேன். ரிமோட் பலகை இருந்தது, பேட்டரி இருந்தது, சிப் உட்காரும் குழி மட்டும் காலி. விற்றவரிடம் கேட்டேன். பட்டன் ரப்பர் கிழிந்ததால் வெளியே கொடுத்து உறையை மாற்றியதாகச் சொன்னார். பலகையைப் புது உறைக்கு மாற்றியவர் சிப்பைப் பழைய உறையிலேயே விட்டிருக்கிறார், அது குப்பைக்குப் போய்விட்டது. விற்றவருக்கும் தெரியாது, அவரும் ரிமோட்டை மட்டும்தான் அமுக்கிப் பார்த்திருக்கிறார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு அது. உறை மாற்றக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பக்கத்திலேயே நில்லுங்கள், பழைய உறையைக் கையோடு வாங்கி வாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் முழுச்சாவியாகத்தான் வரும் என்றார்கள்: 8,500 ரூபாய், பத்து நாள், ஆர்.சி. நகல், அடையாள அட்டை. தனியாகச் சாவி புரோகிராம் செய்கிறவர் வீட்டுக்கே வந்து 3,000 ரூபாய்க்கு முடித்தார். வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகிப் பார்த்ததும், வண்டியின் நினைவில் இரண்டு சாவி பதிவாகியிருப்பது தெரிந்தது. ஒன்று என் கையில் இருப்பது, மற்றொன்று குப்பைக்குப் போன சிப். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரிஜினல் சாவியையும் புதுச் சிப் போட்ட ஸ்பேரையும் மட்டும் புதிதாகப் பதியச் சொன்னேன். தொலைந்த சிப் யார் கையில் கிடைத்தாலும் இனி வண்டி கிளம்பாது. பல வண்டிகளில் இப்படித்தான் மொத்தமாக அழித்துப் பதிவார்கள், அதனால் எல்லாச் சாவியும் கையில் இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் ஸ்பேரால்தான் வண்டி ஓட்டுகிறேன். ஒரு முறை வாளித் தண்ணீரில் விழுந்தது. உடனே பேட்டரியைக் கழற்றிக் காயவைத்தேன். ரிமோட் இரண்டு நாள் செத்துக் கிடந்தது, ஆனால் அன்றைக்கே இன்ஜின் கிளம்பியது. இன்னொரு முறை பழைய பயம் திரும்ப வந்தது: அதே விளக்கு, அதே மினுக்கம். என் மனைவி இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்திருந்தார். பிரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது. ரிமோட் எட்டும் தூரம் மட்டும் ஒரிஜினலில் பாதிதான். உறை மாற்றியதால் வந்த குறையோ என்னவோ, அதோடு வாழ்ந்துகொள்ளலாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவி பேட்டரி தீர்ந்தாலும் பெரும்பாலான வண்டிகளில் சாவியைப் பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கினால் கிளம்பும். கதவுக்கான அலகு சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள்: வண்டி திருடுபோய்க் கிளெய்ம் கேட்டால் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

போன மாதம் சித்தப்பா மகன் பாளையங்கோட்டையில் ஒரு பழைய கார் பார்க்கக் கூப்பிட்டான். இரண்டாவது சாவியை நானே வாங்கிப் போட்டுத் திருப்பினேன். செல்ஃப் அடித்தது, சாவி விளக்கு மினுங்கியது. விற்கிறவரிடம் காட்டினோம். அங்கேயே 4,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்.