பாறையை நசுக்குவதா, சீவுவதா, இடிப்பதா?

நாமக்கல், சேலம் பக்கம் ஒரு வீட்டில் போர் போட்டால் தெருவே வெள்ளையாகிவிடும். கம்ப்ரஸர் ஊதித் தள்ளுகிற பாறைத்தூள் கோதுமை மாவு மாதிரி நைசாக இருக்கும். கொடியில் காயும் துணிக்காகப் பக்கத்து வீட்டோடு ஒரு சண்டை நிச்சயம். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சேற்றுநீரோடு மேலே வருவது வேறு சரக்கு. ஷேல் எனும் இறுகிய களிமண் பாறையில் வைர பிட் (துளைக்கும் முனை) நன்றாக ஓடினால் தேங்காய்த் துருவல் போலச் சீவல் சீவலாக வரும். கீழே எந்த பிட் வேலை செய்கிறது என்பதை அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

போட்டியில் இருப்பவை மூன்று: உருண்டு நசுக்கும் ட்ரைகோன், வைர வில்லைகள் பதித்துச் சீவும் பிடிசி (PDC), குழிக்குள்ளேயே இறங்கிக் குத்தி இடிக்கும் ஹேமரின் பட்டன் பிட். மூன்றும் சுழல்கின்றன. ஆனால் சுழற்சிக்கு மூன்றிலும் ஒரே வேலை இல்லை.

முதலில் இருந்தது சீவல்தான். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க எண்ணெய் வயல்களில் ஓடியது 'மீன்வால்' பிட். மண்வெட்டி போன்ற தட்டையான இரும்பு. களிமண்ணில் வெண்ணெயில் கத்திபோல இறங்கும், பாறை வந்தால் மழுங்கிவிடும். 1909இல் ஹோவர்ட் ஹியூஸ் (பின்னாளில் விமானம், சினிமா என்று பேர்போன ஹியூஸின் அப்பா) இரண்டு பல் கூம்புகள் உருளும் பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை விற்காமல் வாடகைக்கு விட்டது அவருடைய இன்னொரு சாமர்த்தியம். 1933இல் அவருடைய கம்பெனியின் மூன்று கூம்பு பிட் வந்தது. ட்ரைகோன் என்ற பெயர் அங்கிருந்துதான்.

ட்ரைகோனை வடிவமைப்பது ஒண்டுக்குடித்தன வீட்டில் இடம் பிரிப்பது மாதிரி. குழியின் விட்டம் முடிவானதும் மொத்த இடம் அவ்வளவுதான். பல்லை நீளமாக்கினால் கூம்பின் சுவர் மெலியும். சுவரைத் தடிப்பாக்கினால் உள்ளே பேரிங் சிறுக்கும். மென்பாறைக்கு நீளமான, தள்ளித் தள்ளி வைத்த பற்கள் வேண்டும். கூம்புகளின் அச்சும் பிட்டின் மையத்தைத் தொடாமல் சற்று விலகியிருக்க வேண்டும். அப்போதுதான் உருளும்போதே பல் கொஞ்சம் இழுபட்டுச் சுரண்டும். கருங்கல்லில் இதே இழுபடுதல் பல்லைத் தின்றுவிடும். அங்கே விலகலை ஏறக்குறைய பூஜ்ஜியமாக்கி, குட்டையான டங்ஸ்டன் கார்பைடு (மிகக் கெட்டியான உலோகக் கலவை) குமிழ்களை நெருக்கமாகப் பதிக்கிறார்கள்.

இதன் உயிர்நிலை பேரிங். சிறிய விட்டத்தில் பேரிங்கும் சிறிது, ஆயுளும் சிறிது. சீல் போய்ச் சேறு உள்ளே புகுந்தால் கூம்பு ஆடத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் கழன்று கீழே விழும். அப்புறம் துளைப்பதை நிறுத்திவிட்டு, விழுந்ததை மீன்பிடிப்பதுபோல் துழாவி எடுக்கிற வேலைதான்.

1970களில் ஜெனரல் எலெக்ட்ரிக் வைர வில்லைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, பழைய மீன்வால் பிடிசி என்ற வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. கார்பைடு வில்லையின் முகத்தில் செயற்கை வைரத்தூளை ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸிலும், காற்றழுத்தத்தைப்போல 50,000 மடங்குக்கும் மேலான அழுத்தத்திலும் இறுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். பெரும்பாலும் 13, 16 அல்லது 19 மில்லிமீட்டர் விட்டம். இதில் உருளும் பாகமே கிடையாது. கழன்று விழக் கூம்பும் இல்லை. அழுத்தி நொறுக்குவதைவிடச் சீவிப் பெயர்க்கப் பாறைக்குக் குறைந்த ஆற்றல் போதும். வேகத்துக்குக் காரணம் அதுதான்.

சரி, பலவீனம்? இரண்டு. ஒன்று சூடு. வைரத் துகள்களைப் பிணைக்க உதவும் கோபால்ட், சூடேறினால் வைரத்தைவிட அதிகமாக விரியும். சுமார் 700 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருந்தே விரிசல் விடும். அதனால் முகப்பில் இருக்கும் கோபால்ட்டை அமிலத்தில் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டு, அதிர்ச்சி. வைரம் தேய்மானத்துக்கு அஞ்சாது, அடிக்கு அஞ்சும். ஷேலில் வழுக்கிக்கொண்டு போன பிட் திடீரென்று கெட்டியான பாறைப் பட்டையிலோ கூழாங்கல்லிலோ மோதினால் வில்லையின் விளிம்பு சில்லுச் சில்லாகப் போகும். வில்லையைப் பின்னால் சாய்த்தால் அடி தாங்கும், ஆனால் கடி குறையும். பிட் வடிவமைப்பாளர் மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி இந்தச் சில டிகிரி சாய்வுக்காகத்தான்.

பணக் கணக்கு சுவாரஸ்யமானது. புரிவதற்காக மட்டும் சில எண்கள்: ரிக் வாடகை மணிக்கு 1 லட்சம் ரூபாய். 8 லட்சம் ரூபாய் ட்ரைகோன் 40 மணி நேரம் ஓடி 200 மீட்டர் இறங்குகிறது. பிட்டை மாற்ற ராடுகளை ஏற்றி இறக்க இன்னொரு 10 மணி. மீட்டருக்கு 29,000 ரூபாய். 30 லட்சம் ரூபாய் பிடிசி, மாற்றும் நேரமும் சேர்த்து அதே 50 மணியில் 500 மீட்டர் போனால் மீட்டருக்கு 16,000. அதே பிடிசி 15 மணி ஓடி 150 மீட்டரில் பல் உடைந்து மேலே வந்தால், மாற்றும் நேரத்தையும் சேர்த்து மீட்டருக்கு 36,700 ரூபாய் ஆகிவிடும்.

என் கணிப்பு இது. காவிரிப் படுகை போன்ற மணற்கல், ஷேல் அடுக்குகளில் பிடிசிதான், யோசிக்கவே வேண்டாம். கூழாங்கல் கலந்த பட்டைகளுக்கும் சுரங்க வெடிகுழிகளுக்கும் ட்ரைகோன் இன்னும் நல்ல வேலைக்காரன். அமெரிக்காவின் யூட்டாவில் புவிவெப்பக் கிணறுகளுக்குக் கிரானைட்டையே பிடிசியால் வேகமாகத் துளைத்துக் காட்டிவிட்டார்கள். 'கருங்கல்லுக்கு வைரம் ஆகாது' என்ற பழைய பேச்சை இனி அப்படியே சொல்ல முடியாது.

ஆனால் அது திருச்செங்கோட்டு போர் வண்டிக்கு உதவாது. கருங்கல்லில் ட்ரைகோன் சரியாக நொறுக்க விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2 டன் வரை எடை வேண்டும்; ஆறரை அங்குலக் குழிக்கு 13 டன். பிடிசிக்குக் குளிர்விக்கும் சேறும் அதைச் சுழற்றிவிடும் பம்ப்பும் வேண்டும். லாரி மேல் நிற்கும் வண்டிக்கு இந்த வசதி ஏது? ஹேமருக்கு எடை பெரிதாகத் தேவையில்லை. காற்று பிஸ்டனை ஓட்ட, பிஸ்டன் பிட்டின் தலையில் நிமிடத்துக்கு 1,000 முறைக்கும் மேல் அடிக்கிறது. அடுத்த அடி புது இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் மெதுவான சுழற்சி. சார்னோகைட், நைஸ் (gneiss) என்ற நம் ஊர்க் கெட்டிப் பாறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

பழைய பட்டன் பிட் கையில் கிடைத்தால் நடுவில் பார்க்காதீர்கள், ஓர வரிசையைப் பாருங்கள். அங்கே பட்டன்கள் தேய்ந்திருந்தால் குழி ஆழம் போகப் போகக் குறுகியிருக்கும். அடுத்து இறக்கும் புது பிட் பாதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும்.